உங்கள் ஓட்டை நீங்களே காட்டினால் ஏன் குற்றம்?

தேர்தல் நாளில் எப்படியும் ஒரு படமாவது வாட்ஸ்அப்பில் சுற்றும். வாக்குப்பதிவு இயந்திரத்தின் மேல் ஒரு விரல், பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கு. படம் எடுத்தவர் மீது வழக்கு என்று மறுநாள் செய்தி வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "என் ஓட்டு. யாருக்குப் போட்டேன் என்று நானே காட்டுகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்விதான். டீக்கடையில் உட்கார்ந்து "நான் இன்னாருக்குத்தான் போட்டேன்" என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நிரூபித்துக் காட்டுவதைத்தான் தடுக்கிறது. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளின்படி, மறைவாக ஓட்டுப் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பவர் எச்சரித்த பிறகும் கேட்காவிட்டால், அவரை ஓட்டே போடவிடாமல் திருப்பி அனுப்ப வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ரகசியம் இங்கே வாக்காளருக்குத் தந்த சலுகையாக இல்லாமல், அவர் மேல் ஏற்றிய கட்டாயமாக இருக்கிறது. காரணம் எளிது. நிரூபிக்க வழி இருந்தால், நிரூபிக்கச் சொல்லி ஒருவர் கேட்பார். முதலாளி கேட்பார், நிலக்காரர் கேட்பார், காசு கொடுத்தவர் கேட்பார், வீட்டுக்குள்ளே புருஷன் கேட்பார். "காட்ட மாட்டேன்" என்று அவர்களிடம் சொல்லும் வலு பலருக்கு இல்லை. "காட்ட வழியே இல்லை" என்று சொல்ல வலு எதுவும் தேவைப்படாது.

இந்தக் கட்டாயம் இன்றைய வடிவில் உலகத்துக்கு வந்து சுமார் 170 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு பிரிட்டனைப் பார்த்தாலே போதும். அங்கே 1872 வரை ஓட்டு என்பது ஊரறியச் செய்யும் காரியம். மரத்தால் மேடை போட்டிருப்பார்கள். வாக்காளர் போய்த் தன் பெயரையும், யாருக்கு ஓட்டு என்பதையும் வாய்விட்டுச் சொல்வார். எழுத்தர் குறித்துக்கொள்வார். தேர்தல் முடிந்ததும் யார் யாருக்குப் போட்டார்கள் என்ற பட்டியலைப் புத்தகமாக அச்சடித்து விற்பதும் உண்டு. நிலப்பிரபுக்குத் தன் குத்தகைக்காரரின் ஓட்டு, குத்தகையோடு சேர்ந்து வரும் பாத்தியதை மாதிரி. கடைக்காரருக்கோ வாடிக்கையாளர் பயம்: மாற்றிப் போட்டால் நாளையிலிருந்து பெரிய வீட்டுக்காரர்கள் கடைப்பக்கம் வரமாட்டார்கள்.

1868 பொதுத் தேர்தலுக்குப் பிறகு வேல்ஸில் நடந்தது இதன் உச்சம். லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்ட குத்தகை விவசாயிகள் பலரை கார்டிகன்ஷயர், கார்மார்தன்ஷயர் பகுதிகளின் கன்சர்வேட்டிவ் நிலப்பிரபுக்கள் நிலத்தைவிட்டே கிளப்பினார்கள். அவர்களுக்காக ஊர் ஊராக நிதி திரட்ட வேண்டியிருந்தது. யாரைக் கிளப்புவது என்று நிலப்பிரபுக்கள் துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை. பட்டியல்தான் இருக்கிறதே.

சரி, இதைப் பார்த்துக்கொண்டு யாரும் கேள்வி கேட்கவில்லையா? கேட்டார்கள். 1838ல் தொழிலாளர்கள் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளில் ரகசிய ஓட்டும் ஒன்று. ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் பிற்பாடு சட்டமாகிவிட்டன என்பது வேறு கதை. அதற்கும் முன்பே, வங்கியாளரும் கிரேக்க வரலாற்றாசிரியருமான ஜார்ஜ் குரோட் 1833 முதல் நாடாளுமன்றத்தில் இதற்காகத் திரும்பத் திரும்பத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். "ஆண்மையற்ற செயல்", "ஆங்கிலேயப் பண்புக்கு ஒவ்வாதது" என்ற ரீதியில் எதிர்ப்பு இருந்தது. பயமில்லாதவர்களுக்கு இப்படிப் பேசுவது சுலபம். நிலம் அவர்களிடம் இருந்தது.

ஆனால் எதிர்த்தவர்கள் எல்லாருமே நிலப்பிரபுக்கள் அல்ல. தனிமனிதச் சுதந்திரத்தைப் பற்றி அந்த நூற்றாண்டில் மிக ஆழமாக எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் ரகசிய ஓட்டை எதிர்த்தார். அவருடைய அப்பா ஜேம்ஸ் மில் அதை ஆதரித்து எழுதியவர். மகனும் இளமையில் ஆதரித்தவர்தான். 1861ல் அவர் வைத்த வாதத்தைச் சாதாரணமாக ஒதுக்க முடியாது. ஓட்டு என்பது உன் சொந்தச் சொத்து இல்லை, பொதுநலனுக்காக உன்னிடம் ஒப்படைத்த பொறுப்பு என்கிறார். ஜூரி தன் இஷ்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, வாக்காளரும் அப்படித்தான். பொறுப்பைச் செய்பவன் பொதுமக்கள் பார்வையில்தான் செய்ய வேண்டும். மறைத்துப் போடச் சொன்னால் "எனக்கு எது லாபம்" என்று மட்டுமே யோசிப்பான்.

அன்றைய நிலைமையில் இந்த வாதத்துக்கு இன்னொரு பலமும் இருந்தது. அப்போது பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்கள் எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. ஓட்டுள்ள சிலர் என்ன செய்கிறார்கள் என்று ஓட்டில்லாத பலர் கூடி நின்று பார்ப்பதும் கூச்சல் போடுவதும்தான் அவர்களுக்கு இருந்த ஒரே பிடி. அதையும் திரை போட்டு மறைப்பதா என்று சில தீவிர சீர்திருத்தவாதிகளே தயங்கினார்கள்.

மில் தடுமாறிய இடம் வேறு. நிலப்பிரபுவின் மிரட்டல் ஒரு காலத்தில் பெரிய தீமையாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது, இனி வாக்காளரின் சுயநலம்தான் ஆபத்து என்று அவர் கணக்குப் போட்டார். ஏழே ஆண்டுகளில் வேல்ஸ் விவசாயிகள் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றார்கள்.

இந்தச் சண்டை அப்போதே பழையது என்பதுதான் வேடிக்கை. ரோமில் கி.மு. 139ல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க மெழுகுப் பலகையில் எழுதிப் போடும் முறை சட்டமானது. வாக்காளர்கள் ஒரு குறுகிய பாலம் போன்ற நடைமேடை வழியாகப் போய்த்தான் பலகையைப் போட வேண்டும். பெரிய மனிதர்களின் ஆட்கள் அந்தப் பாலத்தில் நின்றுகொண்டு எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119ல் மாரியஸ் என்ற அரசியல்வாதி ஒரு சட்டம் கொண்டுவந்து பாலத்தை இன்னும் ஒடுக்கமாக்கினார், பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லாதபடி! கொள்கை அளவில் இருந்த ரகசியம் நிஜமானது அந்தச் சில அடி அகலக் குறைப்பில்தான். பிறகு ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ ஒரு 'சமரசம்' சொன்னார்: மக்களிடம் பலகை இருக்கட்டும், ஆனால் அதை ஊரின் மேன்மக்களிடம் காட்டிவிட்டுப் போடட்டும். விருப்பப்பட்டால் காட்டலாம் என்ற ரகசியம் யாருக்குச் சாதகம் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

நம்மூரில் இந்தப் பேச்சு எழுந்தால் உத்திரமேரூர் குடவோலை உடனே வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் அருமையான ஆவணங்கள். ஆனால் அது ஓட்டு இல்லை, குலுக்கல். நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் வயது வரம்பும் பார்த்து வடிகட்டிய பெயர்களைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். சபையோர் எல்லாரும் பார்க்க எடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. ரகசிய ஓட்டின் மூதாதை என்று அதைச் சொல்வது பெருமைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

இன்றைய ரகசிய ஓட்டு பிறந்த இடம் ஆஸ்திரேலியா. 1856ல் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா போன்ற குடியேற்றங்கள் அடுத்தடுத்துச் சட்டம் போட்டன. விக்டோரியாவில் வில்லியம் நிக்கல்சன் தீர்மானம் கொண்டுவந்தார். நடைமுறையை வகுத்தவர் ஹென்றி சாமுவேல் சாப்மன். அவர்கள் செய்தது அலுவலகக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கும். ஓட்டுச்சீட்டை அரசே தன் செலவில் அச்சடிக்கும். எல்லா வேட்பாளர் பெயரும் ஒரே சீட்டில் இருக்கும். சீட்டு வாக்குச்சாவடிக்குள் மட்டுமே கிடைக்கும். அங்கேயே தடுப்புக்குப் பின்னால் போய்க் குறித்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஆரம்பத்தில் விக்டோரியாவில் வேண்டாத பெயர்களை அடிக்க வேண்டியிருந்தது. வேண்டிய பெயருக்கு எதிரே குறி போடும் வழக்கத்தைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் தேர்தல் அதிகாரி வில்லியம் பூத்பி கொண்டுவந்தார்.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். பிரான்ஸைப் பாருங்கள். அங்கே 1795 அரசியல் சட்டமே தேர்தல் ரகசியமாக நடக்கும் என்று எழுதிவிட்டது. ஆனால் பின்னாளில் ஓட்டுச்சீட்டை அச்சடித்து விநியோகித்தது வேட்பாளர்களும் உள்ளூர் அதிகாரிகளும்தான். காகிதத்தின் கனமும் நிறமும் கையில் வாங்கியவருக்கே தெரிந்துவிடும். மடித்த சீட்டை வாங்கிப் பெட்டியில் போட்ட தலைமை அலுவலர் விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். உறையும் மறைப்பும் 1913ல்தான் வந்தன. ஜெர்மனியில் அவை 1903ல் வந்தபோது, 'கக்கூஸ் சட்டம்' என்று கேலி செய்தார்கள். தடுப்புக்குள் போய் வருவது அவ்வளவு கௌரவக் குறைச்சலாகத் தெரிந்திருக்கிறது.

பிரிட்டன் 1872 ஜூலையில் சட்டம் போட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 15ல், பான்டிஃபிராக்ட் இடைத்தேர்தலில் சோதனை. அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. மிட்டாய்த் தொழிற்சாலையின் முத்திரையை வைத்தே வாக்குப்பெட்டிக்கு அரக்கு சீல் வைத்தார்கள். அந்தப் பெட்டி இன்றும் அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழக்கமான குடியும் கும்மாளமும் இல்லாமல் தேர்தல் சப்பென்று நடந்ததாம். 1874 பொதுத் தேர்தலில் விளைவு தெரிந்தது: அயர்லாந்தில் தன்னாட்சி கேட்ட அணி ஏறக்குறைய 60 இடங்களைப் பிடித்தது. நிலப்பிரபுவின் வேட்பாளருக்கே போட்டுப் பழகிய கை, யாரும் பார்க்காதபோது வேறு பெயருக்குப் போனது. வெகுகாலம் கழித்து சிலியிலும் இதே கதைதான். 1958ல் அரசு அச்சிட்ட பொதுவான ஓட்டுச்சீட்டு வந்ததும், பெரும்பண்ணைகள் நிறைந்த பகுதிகளில் வலதுசாரிக் கட்சிகளின் பங்கு சரிந்தது.

இதே கருவி அமெரிக்கத் தென்மாநிலங்களில் நேர்எதிராக வேலை செய்தது. அங்கே அதுவரை கட்சிகளே வண்ணச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தன. படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து வாங்கிப் பெட்டியில் போட்டுவிடலாம். 1888 முதல் மாநிலம் மாநிலமாக ஆஸ்திரேலிய முறை பரவியபோது, டென்னசி, ஆர்கன்சா போன்ற இடங்களில் வெள்ளை ஆதிக்க அரசியல்வாதிகள் அதை ஆர்வத்தோடு வரவேற்றார்கள். கட்சிப் பெயரோ அடையாளமோ இல்லாமல் வெறும் பெயர்ப்பட்டியல், உதவிக்கு ஆள் கூடாது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகாத, பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு அந்தத் தடுப்பறை ஒரு பரீட்சை அறையாகிவிட்டது. அவர்களோடு ஏழை வெள்ளையர்களும் வடிகட்டப்பட்டார்கள்.

இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1951-52ல் வாக்காளர்கள் 17 கோடிக்கு மேல், அவர்களில் பெரும்பான்மையோருக்கு எழுத்து தெரியாது. பெயர்ப்பட்டியலை நீட்டியிருந்தால் ஆர்கன்சாதான். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எடுத்த வழி, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி, பெட்டிமேல் சின்னம். வேட்பாளர் பெயர் எதுவும் இல்லாத சீட்டை வாக்காளர் வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் முடிந்தது. சுமார் 25 லட்சம் இரும்புப் பெட்டிகள் இதற்காகச் செய்தார்கள். யோசனை முழுக்கப் புதிது என்று சொல்ல முடியாது. 1937 சென்னை மாகாணத் தேர்தலில் நிறப்பெட்டிகள் இருந்தன. காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டுப் போடுங்கள் என்றுதான் காங்கிரஸ் ஊர் ஊராகக் கேட்டது. இலங்கையிலும் 1931ல் வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது நிறப்பெட்டிகள்தான்.

தனிப்பெட்டி முறையில் ஒரு குறை இருந்தது. மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடலாம். வாங்கியவர் தன் ஆளிடம் நாலைந்து சீட்டைக் கொடுத்தனுப்பி ஒரே பெட்டியில் போட வைக்கலாம். ஆகவே 1962 பொதுத் தேர்தலில் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறைக்கு மாறினார்கள். அந்த முத்திரையின் வடிவத்தைக் கவனித்திருப்பீர்கள்: சுழல்வது போன்ற அம்புக்குறி. சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டினால், அந்தக் கறை எதிர்த்திசையில் சுழலும். குத்தியது எது, ஒட்டியது எது என்று எண்ணும்போது தெரிந்துவிடும். எனக்கு இந்தத் தேர்தல் விவகாரம் மொத்தத்திலும் மிகப் பிடித்த சங்கதி இதுதான்.

பிறகு இயந்திரம் வந்தது. 1982ல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் ஆரம்பித்து, 2004ல் நாடு முழுவதும். இப்போது யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் காகிதம் ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து, வெட்டுப்பட்டு உள்ளே விழுகிறது. "ஏடிஎம்மில் ரசீது தருகிறார்கள், இதில் ஏன் கையில் தருவதில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. கையில் தந்தால் அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் மீதிப் பணம் என்று ஒருவர் வெளியே நிற்பார்.

யாருக்கும் போடாதவருக்கும் ரகசியம் உண்டா? 2013 வரை இல்லை. யாரும் வேண்டாம் என்பவர் விதி 49-ஓ-வின்படி பதிவேட்டில் சொல்லி எழுத வைக்க வேண்டும். கட்சி ஏஜென்ட்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மறுப்பதும் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நோட்டா பொத்தான் வந்தது.

மில்லின் வாதம் இறந்துபோய்விடவில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் அது உயிரோடு இருக்கிறது. 2003 சட்டத் திருத்தத்தின்படி எம்.எல்.ஏ.க்கள் தங்கள் ஓட்டுச்சீட்டைத் தம் கட்சியின் ஏஜென்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். 2006ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2017ல் குஜராத்தில் இரண்டு எம்.எல்.ஏ.க்கள் காட்டக் கூடாதவர்களுக்கும் காட்டியதால் அவர்கள் ஓட்டுச் செல்லாமல் போனது. என் கணக்கில் இதில் முரண்பாடு இல்லை. மக்களின் சார்பாக அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஓட்டு, பொறுப்பு. அவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் கணக்குக் காட்டுவது தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கா, கட்சித் தலைமைக்கா என்பதில் சட்டம் கட்சித் தலைமையின் பக்கம் சாய்ந்துவிட்டது. அது மில் கேட்டது இல்லை.

அப்புறம் தமிழ்நாட்டில் பணம். ரகசிய ஓட்டு இருந்தால் ஓட்டை விலைக்கு வாங்க முடியாது, போட்டானா இல்லையா என்று தெரியாதபோது யார் காசு கொடுப்பார்கள் என்பது 19ஆம் நூற்றாண்டின் நம்பிக்கை. பிரிட்டனிலேயே அது பலிக்கவில்லை. 1880 தேர்தலில் லஞ்சம் அமோகம். செலவுக்கு உச்சவரம்பு வைத்த 1883 சட்டம் வந்த பிறகே அடங்கியது. இங்கே 2016ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல் ஆர்.கே.நகர், 2019ல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகவே தேர்தல்களை நிறுத்தியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் பார்க்க முடியாததை ஈடுகட்ட, தட்டில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்குவார்கள். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு மூன்றாவது பக்கம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ரகசிய ஓட்டின் தயவு. பணம் தருகிறவர்களுக்கும் இது தெரியும். எதிராளி கொடுக்கும்போது நாம் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் பாதிப் பணம் இறங்குகிறது.

தனி ஆளைப் பார்க்க முடியாவிட்டாலும் தெருவைப் பார்க்க முடியும். ஓட்டுச்சீட்டுக் காலத்தில் பல வாக்குச்சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. இயந்திரத்தை அப்படிக் கலக்க முடியாது. படிவம் 20ல் பூத் வாரியாக ஓட்டுக்கணக்கு வெளிவருகிறது. ஒரு பூத்தில் சுமார் ஆயிரம் பேர். நம் ஊர்கள் தெருவுக்குத் தெரு சாதியாகப் பிரிந்து கிடப்பதால், காலனியின் பூத் எது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "உங்க பூத்தில் எங்களுக்கு இவ்வளவுதானா விழுந்தது?" என்ற கேள்வி தண்ணீர்க் குழாய்க்கும் சாலைக்கும் மனு எடுத்துப் போகும்போது வரும். பல இயந்திரங்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015ல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

அது வந்தாலும் பஞ்சாயத்து வார்டுக்கு உதவாது. சில நூறு ஓட்டில் கலப்பதற்கு என்ன இருக்கிறது? தவிர, திரை மறைப்பது ஓட்டுப் போடுகிறவரை மட்டும்தான். வேட்பாளராக நிற்பவர் பெயரோடும் முகவரியோடும் எல்லாருக்கும் தெரிய நிற்க வேண்டும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996ல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. மனுத் தாக்கல் செய்ய யாரும் துணியவில்லை. சில சமயம் ஆதிக்க சாதியினரே ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான், மாவட்ட நிர்வாகம் ஊர்க்காரர்களோடு பலமுறை உட்கார்ந்து பேசிய பிறகு, தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள்.